கிணற்றுப் பங்கும் ஆலைப் பங்கும்

எங்கள் பக்கத்தில் பங்கு என்றால் முதலில் கிணறுதான். பாலவனத்தம் பக்கத்துக் கரிசலில், என் அக்காவைக் கட்டிய மச்சானுக்கு ஒரு கிணற்றில் கால் பங்கு இருந்தது. பங்காளிகள் நான்கு பேர்; நான்கு நாளைக்கு ஒருமுறை அவர் முறை வரும். அன்று மாடுகளைக் கமலையில் பூட்டி மிளகாய்த் தோட்டத்துக்கு இறைப்பார். தண்ணீர் வற்றினால் யாரும் பங்கை விற்பதில்லை. நால்வரும் பணம் போட்டுக் கிணற்றை ஆழப்படுத்துவார்கள்.

அறுபதுகளில் ஒரு நூற்பாலைக்குப் பங்கு திரட்டினார்கள். நான் அருப்புக்கோட்டையில் பருத்திக் கமிஷன் கடையொன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். விண்ணப்பத் தாள்கள் எங்கள் கடைக்கும் வந்தன. நான் இருபது பங்கு எடுத்தேன். மிளகாய் வத்தல் நல்ல விலைக்குப் போன வருஷம் என்பதால் மச்சான் ஐம்பது எடுத்தார். ஆயிரம் பேருக்கு மேல் பங்கு வைத்திருப்பார்கள் என்று நான் விளக்கியபோது யோசித்தார்.

“அம்புட்டுப் பேரும் பங்காளியா மாப்ளே? வெட்டுக்குத்து இல்லாம எப்பிடி நடக்கும்?”

சில வருஷத்தில் லாபத் தொகை தபாலில் வந்தது. ஊற்றுக்கண் திறந்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பங்கின் விலையும் ஏறியது. அந்த வாரமே நான் விற்றுவிட்டேன். விலை ஏறினால் எனக்கு எப்போது இறங்குமோ என்றிருக்கும், இறங்கினால் தூக்கம் போகும். விற்று முடித்தால்தான் சோறு இறங்கும்.

மச்சான் அக்காவிடம் சொல்லிச் சிரித்தார்: “தண்ணி ஊறுற கெணத்துல பங்க விக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன். ஒன் தம்பிக்குப் பள்ளிக்கூடத்துல இதத்தான் சொல்லிக் குடுத்தாகளா?”

பிறகு பஞ்சு விலை ஏறியது, மின்வெட்டு வந்தது, ஆலை தடுமாறியது. பங்கின் விலை பாதியாகி, அதற்கும் கீழே போனது. கிடைத்த விலைக்கு விற்றுவிடும்படி மச்சானிடம் சொல்லப் பஸ் ஏறிப் போனேன். அந்த வருஷம் மழையும் இல்லை. கிணறு வற்றி, ஆழப்படுத்தப் பங்காளிகள் பணம் கேட்டிருந்தார்கள். ஆலையையும் சேர்த்து இரண்டு கிணற்றையும் ஆழம் போடத் தன்னால் ஏலாது என்றார் மச்சான். கிணற்றில் தன் கால் பங்கை, பங்காளிகளில் ஒருவரான ஒன்றுவிட்ட அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் ஆலைப் பங்கை இன்னும் வாங்கப் போகிறாராம்.

“மச்சான், அந்தப் பணம் மில்லுக்குப் போகாது. பங்க விக்கிறவன் பைக்குத்தான் போகும்.”

“கெணறு வெட்டுனாலும் பணம் வெட்டுறவன் பைக்குத்தான மாப்ளே போகுது? தண்ணி நமக்கு.”

உள்ளேயிருந்து அக்கா கேட்டாள்: “தோட்டத்துக்குத் தண்ணிக்கு என்ன செய்வாகளாம், கேளு தம்பி.” ஆலை ஓடத் தொடங்கும்வரை அண்ணன் தருவார் என்றார் மச்சான்.

மறுவருஷம் ஆலையை மூடிவிட்டார்கள். கிணற்றிலோ, ஆழம் போட்ட இடத்தில் நல்ல ஊற்று.

அந்தக் கோடையில் ஒரு நாள் அவர்கள் வீட்டில் தங்கினேன். விடியுமுன் எழுந்து மச்சான் மாடுகளை அவிழ்த்தார். எங்கே போகிறார் என்று தெரியாமல் நானும் பின்னால் போனேன். கிணற்றில் அண்ணனின் மாடுகள் ஏற்கெனவே இறைத்துக்கொண்டிருந்தன. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மச்சானின் மிளகாய்ச் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன.

அண்ணன் மாடுகளை நிறுத்தினார். “வா, கொஞ்சம் எறைச்சுக்க. செடி வாடுதுல்ல.”

“இல்லண்ணே. முறை மாறி வந்துட்டேன்” என்று சொல்லி, மச்சான் மாடுகளைத் திருப்பினார்.

பாதி வழியில், மாடுகளைப் பார்த்தபடியே கேட்டார்: “மில்ல மறுபடி தொறந்தா நமக்கு முறை என்னைக்கு வரும் மாப்ளே?”

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

வாசலில் அக்கா நின்றிருந்தாள். அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கி மாடுகளைக் கட்டினாள். வேலை செய்யாத மாடுகளுக்கு எப்போதும்போலப் பருத்திக்கொட்டை வைத்தாள். அடுத்த சந்தையில் அவற்றை விற்றார்கள்.