கோபக்காரச் சகோதரிக்காக ஒரு மன்றாட்டு

எனக்கு நாற்பத்தொன்பது வயது நடந்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் ரொம்ப நல்லவர்களாகிவிட்டார்கள். சாம்பார் எப்படி இருந்தாலும் என் கணவர் "நல்லாருக்கு" என்றார். ஒருநாள் உப்புப் போடவே மறந்துவிட்டேன். வாயில் வைத்ததும் தெரிந்தது. "இதுவா நல்லாருக்கு?" என்று கேட்டேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். அதற்காக அவரை அரைமணி நேரம் திட்டினேன்.

மாதவிலக்கு நின்று ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. மார்கழியில் ஊரே போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் மட்டும் மின்விசிறியை ஐந்தில் வைத்துக்கொண்டு வியர்த்தேன். கீழ்வேளூர் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். அங்கே சாயங்காலம் வரை பொறுமையின் சிகரம். வீட்டுக்கு வந்து தேங்காய் உடைக்கும்போது அது கோணலாக உடைந்தால் அழுகை வந்துவிடும். அழுது முடித்ததும் தேங்காய் மேல் கோபம், அப்புறம் அதை வாங்கி வந்தவர் மேல் கோபம். திருவாரூரில் ஒரு லேடி டாக்டரைப் பார்த்தேன். "மெனோபாஸ் வர்ற வயசு. மனசு அப்படித்தான் ஏறி இறங்கும், கவலைப்படாதீங்க" என்று மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் நடக்கச் சொன்னார். நடந்தேன். நடந்த தூரமெல்லாம் மனதுக்குள் யாரையாவது திட்டிக்கொண்டே நடந்தேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சென்னையில் வேலை பார்க்கும் மகன் ஞாயிறுதோறும் எனக்குப் போன் செய்வான். அதற்கு முன்பே அப்பாவுக்கு ஒரு போன் போகிறது என்பது, ஒருநாள் கொல்லையில் துணி உலர்த்தும்போதுதான் தெரிந்தது. "இன்னிக்குப் பரவால்ல. இப்பவே பேசிடு" என்று இவர் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு என்று விசாரிக்கிற அதே குரல். இரண்டு நிமிடத்தில் என் போன் அடித்தது. "சாப்பிட்டியாம்மா?" என்றான். சாப்பிட்டேன் என்றேன். என்னைப் பற்றி இவர்கள் எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள், என்னிடம் மட்டும்தான் கேட்பதில்லை. கோபத்தையும் வியர்வையையும்விட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாசி மாத அன்பியம் எங்கள் வீட்டில் நடந்தது. தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்போம், அதுதான் அன்பியம். பைபிள் வாசித்ததும் அவரவர் வாய்விட்டு ஒரு மன்றாட்டைச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம். என் கணவர் விவசாயி. அவருடைய மன்றாட்டு எனக்கு மனப்பாடம். குறுவைக்குத் தண்ணீர் வர வேண்டும், அறுப்பு நேரத்தில் மழை வரக்கூடாது. அவருக்கும் கடவுளுக்கும் நடுவில் வேறு பேச்சு இருந்து நான் பார்த்ததில்லை.

அன்று தொண்டையைச் செருமிக்கொண்டார். "நம்ம அன்பியத்துல, கோவத்தாலயும் அழுகையாலயும் ரொம்பக் கஷ்டப்படுற ஒரு சகோதரிக்கு மன அமைதி கிடைக்கணும்னு, ஆண்டவரே, உம்மை மன்றாடுறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னது நான்தான். பாவம், எதிர்வீட்டுக்காரியைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அவள் மருமகளைத் திட்டுவது வாய்க்கால்கரை வரைக்கும் கேட்கும்.

டீ போட அடுக்களைக்குப் போனேன். பின்னாலேயே அந்த எதிர்வீட்டுக்காரி வந்தாள். "டீச்சர், உங்க வீட்டுக்காரர் என்னையா சொன்னாரு? எங்க வீட்டு ஆளு வந்து ஏதாவது அழுதாரா?" கண் கலங்கியிருந்தது. "சேச்சே, உங்கள இல்லீங்க" என்றேன். அவள் போனதும் கோடிவீட்டு நர்ஸம்மா வந்தார். "உண்மையச் சொல்லுங்க டீச்சர், போன வாரம் நான் தட்டை விட்டெறிஞ்சது இங்க வரைக்கும் வந்துருச்சா?" மூன்றாவதாக வந்தவர் அன்பியத் தலைவி. சர்க்கரை டப்பாவைத் தானே எடுத்துக் கொடுத்து, "என்னையத்தானே?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று பேருக்கும் அடித்துச் சொன்னேன், நீங்கள் இல்லவே இல்லை என்று. கணக்கு டீச்சருக்கு, மூன்று பேரைக் கழித்த பிறகுதான் மீதி யார் என்று உறைத்தது. அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் அவர் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"யாருங்க அந்தச் சகோதரி?"

அடுக்கிய நாற்காலி ஒன்றைத் திரும்ப எடுத்துக் கீழே வைத்தார். 

"ஊரைக் கூட்டி என் மானத்த வாங்கிட்டீங்க. ஆண்டவர்கிட்டப் போறதுக்கு முன்னாடி, உனக்கு என்ன பண்ணுதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் இருந்தது.

"கேக்கணும்னுதான் தினமும் நெனைக்கிறேன்" என்றார். "பயமா இருக்கு."

வயலில் நல்ல பாம்பைக் கண்டால் கம்பால் ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்க்கிற மனிதர். இருபத்தாறு வருடத்தில் பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

"என்னையப் பாத்தா?"

"ம்."

இதற்கு எப்படித் திட்டுவது என்று தேடினேன். எட்டு மாதமாக யாராவது கேட்டால் சொல்ல வேண்டும் என்று எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"எனக்குந்தாங்க" என்றேன். "எனக்கும் என்னையப் பாத்தா பயமா இருக்கு."

 கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் இன்னொன்றை எடுத்துப் போட்டார். கொஞ்சம் தள்ளித்தான் போட்டார். ஆனாலும் உட்கார்ந்தார்.