அசையாதீங்க அக்கா

என் அக்காவுக்கு இந்தப் பட்டப்பெயரை வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. கையில் கிடைத்தால் கட்டிப்பிடித்துக்கொள்வேன், அவ்வளவு பொருத்தம்! ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுப்பது அவள் வேலை. காலையில் முதல் ஆள் கட்டிலில் படுப்பதிலிருந்து கடைசி ஆள் சட்டையை மாட்டும்வரை அவள் வாயில் ஒரே பாட்டுதான்: "பேசாதீங்க, அசையாதீங்க." வீட்டிலும் அதே கதை. மகளுக்குத் தலை பின்னும்போதும் "அசையாதே", போட்டோ எடுக்கும்போதும் "அசையாதீங்க". "கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் எங்கடி அசைஞ்சேன்?" என்பார் மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர்.

அந்தக் கட்டம் போட்ட காகிதத்தைப் பற்றிக் கேட்டுவிட்டால் போச்சு, சோறு ஆறிவிடும். "இந்தச் சின்ன மேடு இருக்கே, அது இதயத்தோட மேல் அறை. அது கூப்பிடுது. அடுத்து வர்ற கூர் கீழ் அறை. 'தோ வந்துட்டேன்'னு பதில் சொல்லுது. கூப்பிட்டதுக்கும் பதிலுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னுதான்டா நான் முதல்ல பார்ப்பேன்."

"நீ கூப்பிட்டா மாமா பதில் சொல்ற இடைவெளி மாதிரியா?" என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறேன்.

மாமாவும் நானும் பெயிண்டர்கள். சாரத்தில் ஏறிச் சுவருக்கு வண்ணம் அடிப்பது எங்கள் பிழைப்பு. மாமா இரண்டு தடவை மயங்கி விழுந்தார். நல்ல வேளை, இரண்டும் தரையில் நின்றபோது. வெயில் என்றார்கள், பித்தம் என்றார்கள். ஒருத்தன் "காலையிலேயே சரக்கா?" என்றான். அந்த மனுஷர் அதைத் தொட்டதே கிடையாது! அவனை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்ட பிறகுதான் எனக்கு ஆத்திரம் அடங்கியது.

அக்கா இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தாள். எடுக்கும்போதெல்லாம் கோடு பிசகாமல் ஓடியது. மாமாவுக்குக் கொண்டாட்டம். "உன் மெஷினே சொல்லிடுச்சு. நாளைக்குத் தண்ணி டேங்க் வேலை, ஏறப் போறேன்."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. அந்த உயரத்திலிருந்து விழுந்தால் அள்ளித்தான் எடுக்க வேண்டும். "இன்னும் ஒரே ஒரு தடவை, டாக்டரம்மா முன்னாடி" என்று அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"விழறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"சும்மாதாம்மா நின்னேன்."

"எங்க சும்மா நின்னீங்க? ஐஸ் தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிச்சிட்டு நின்னீங்க! ரெண்டு தடவையும்!" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். சிலருக்கு விழுங்கும்போது ஒரு நரம்பு தூண்டப்பட்டு, இதயத்துக்குள் ஓடும் மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் மறித்துவிடுமாம். ஷாக் மெஷினையும் ஊசி மருந்தையும் பக்கத்தில் வைக்கச் சொன்னார். "நான் பக்கத்துலயே இருக்கேன். குடிக்க வச்சே பார்த்துடலாம்." ஐஸ் தண்ணிக்கு நான் ஓடினேன் பாருங்கள் ஒரு ஓட்டம்!

மாமாவைச் சாய்த்து உட்கார வைத்து, கைகாலில் கிளிப் மாட்டி, நெஞ்சில் வயர்களை ஒட்டினாள் அக்கா. "பேசாதீங்க, அசையாதீங்க. குடிக்க மட்டும் செய்யுங்க."

காகிதம் நகர்ந்தது. மேடு, கூர். மேடு, கூர். மாமா ஒரு வாய் விழுங்கினார். இன்னொரு வாய்.

மேடு வந்தது. கூர் வரவில்லை. கோடு தட்டையாகப் படுத்துவிட்டது.

"சே, வயர் கழண்டுடுச்சு" என்று அக்காவின் கை பழக்கத்தில் மாமாவின் நெஞ்சுக்குப் போனது. பாதியில் நின்றது. தட்டைக் கோட்டின் மேல் சின்னச் சின்ன மேடுகள் மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. வயர் கழன்றிருந்தால் மேடு எப்படி வரும்?

"கிடைச்சிடுச்சு! டாக்டரம்மா, கிடைச்சிடுச்சு! மேல் அறை கூப்பிட்டுக்கிட்டே இருக்கு, கீழ் அறை பதிலே சொல்லல!" என்று குதித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் "ஆகா!" என்று கத்தினேன்.

அப்புறம்தான் மாமாவைப் பார்த்தோம். கண் செருகி, தலை தொங்கி, கையிலிருந்த டம்ளர் மடியில் கவிழ்ந்து கிடந்தது. டாக்டரம்மாவின் கை அதற்குள் அவர் நெஞ்சின் மேல் இருந்தது.

"என்னங்க! அசைங்க! ஐயோ, கையக் கால அசைங்க! ஏதாவது பேசுங்களேன்!" அக்கா போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பியது.

காகிதத்தில் ஒரு கூர் எழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. மாமா கண்ணைத் திறந்து அக்காவைத் தேடினார்.

"இப்ப அசையலாமாடி?" என்றார்.

அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரித்தாள். இருவரும் அசைந்த அசைவில் காகிதத்தில் கோடு மட்டும் கந்தரகோளமாக ஓடியது.

மாமா நெஞ்சில் இப்போது பேஸ்மேக்கர் இருக்கிறது. டாக்டரம்மா அனுமதி கொடுத்த பிறகு சாரமும் ஏறுகிறார். அக்கா அதே அறையில்தான் இருக்கிறாள், "பேசாதீங்க, அசையாதீங்க"வும் மாறவில்லை. ஆனால் காகிதத்தைக் கிழித்ததும் முன்போல அடுத்த ஆளைக் கூப்பிடுவதில்லை. படுத்திருப்பவர் கையையோ காலையோ அசைக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறாள்.