ராக்கெட்டின் காது

பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் அழகு நிலையம் வைத்திருக்கும் அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று கத்தரிக்கோலும் பேன்சீப்புமாகப் பேருந்து நிலையத்தின் பின்புறம் போய்விடுவார். தெருவில் வளரும் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் அங்கே தார்ப்பாய் விரித்துப் பாடம் நடத்துகிறார். பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே முடி வெட்டிவிடுவது அக்காவின் பங்கு.

"இருக்கிறது ஒரு நாள் லீவு. அதையும் பேனுக்குத் தாரை வார்த்துட்டா" என்று ஏசி மெக்கானிக்கான அவர் கணவர் முணுமுணுப்பார்.

ஒருத்தி மட்டும் பிடிகொடுக்கவில்லை. கத்தரிக்கோலைக் கண்டாலே பறந்துவிடுவாள்; அதனால் ராக்கெட்டு என்றே பெயர். வகுப்பில் கேள்வி கேட்டாலும் பதில் வராது. "சரியான அழுத்தக்காரி" என்று டீச்சர் அலுத்துப்போயிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை ராக்கெட்டு தானாகவே வந்து அக்கா முன்னால் உட்கார்ந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. சடைபிடித்த முடியை அக்கா மெல்ல விலக்கினார். காதுக்குப் பின்னால் எலுமிச்சை அளவு வீக்கம். காதிலிருந்து சீழ் வடிந்தது.

அக்காவும் டீச்சரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"எலும்பு வரைக்கும் சீழ் போயிருக்கு. மூளைக்குப் போறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும்" என்றார் டாக்டர். "இந்தக் காது ரொம்ப நாளாவே சரியாக் கேட்டிருக்காது."

டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் காலை ஆபரேஷன். அக்கா முகம் கழுவிவிட்டு வருவதற்குள் கட்டில் காலி.

அக்கா பேருந்து நிலையம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினார். டீக்கடைக்காரர் ஒரு பக்கம் ஓடினார், டீச்சர் ஒரு பக்கம். கடைசியில் சுமைதூக்கும் பெரியவர்தான் பார்சல் கொட்டகையிலிருந்து கையசைத்துக் கூப்பிட்டார். மூட்டைகளுக்குப் பின்னால் ராக்கெட்டு. மடியில் ஒரு குட்டிப்பெண்.

"யாருடி இது?"

"தங்கச்சி. நான் மயங்கிக் கிடந்தா இவளை யாரு பாத்துப்பா? வேற வேற ஹோம்ல போட்டுடுவாங்க."

இத்தனை நாளும் அவள் பறந்தது எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. அக்கா அழுக்குத் தரையிலேயே, கேட்கும் காதுப் பக்கமாக உட்கார்ந்தார்.

"நீ கண்ணு முழிக்கிற வரைக்கும் இவ எங்க கூட இருப்பா. அப்புறம் உன் கையிலயே குடுத்துடறேன்."

"பொய் சொன்னா?"

"என் தலையை நீயே மொட்டை அடிச்சு விட்டுடு."

ராக்கெட்டு அக்காவின் நீளப் பின்னலை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

தகவல் கேட்டுக் கணவர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வந்ததும் குட்டியைத் தூக்கிக்கொண்டார். குட்டி அவர் தோளில் தூங்கிப்போனாள். எழுந்துவிடுவாளோ என்று மனிதர் இருமலைக்கூட அடக்கிக்கொண்டார்.

மதியம் டாக்டர் வெளியே வந்தார். "முழுசா எடுத்தாச்சும்மா. மூளைப் பக்கம் போகல. காதும் போகப் போகத் தேறிடும்."

அக்கா சுவரோடு சரிந்து உட்கார்ந்து, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாதபடி குலுங்கினார். வயிற்றில் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ராக்கெட்டையும் தங்கச்சியையும் ஒரே விடுதியில் சேர்க்க டீச்சர் படியேறாத அலுவலகம் இல்லை. கடைசியில் இடம் கிடைத்தது; பள்ளிக்கூடமும் அங்கேயே. போன வாரம் கடையில் ஒரு அம்மாவுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் அடித்தது. ராக்கெட்டுதான்.

"அக்கா, இங்க எல்லாரும் ஏன் இப்படிக் கத்திக் கத்திப் பேசுறாங்க? காது வலிக்குது."

"வலிக்கட்டும்டி! நல்லா வலிக்கட்டும்!" என்று அக்கா போட்ட சத்தத்தில், நாற்காலியில் இருந்த அம்மா துள்ளி எழுந்துவிட்டார்.