கன்னிமாரை இடமாகச் சுற்றிய கார்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை 6.20-க்கு அச்சரப்பாக்கத்தில் பஸ் ஏறினேன். கிளம்புமுன் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். அவரைக் கும்பிடாமல் புறப்பட்டதால் சிவபெருமான் தேருக்கே அச்சு முறிந்த ஊர் எங்களுடையது. நான் போவதோ கார் பந்தயத்துக்கு. ஓட்டப்போகிறவர் என் மருமகன் கருணா.

எட்டாவது வரை படித்தவள் நான். பந்தயம் எல்லாம் தெரியாது. மருமகன் செங்கல்பட்டில் மெக்கானிக். பழைய காரை உரித்து, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி வைத்திருக்கிறார். ஸ்டாக் கார் என்று பெயராம். மகாபலிபுரத்துக்கு இந்தப் பக்கம் புதிதாக ஓடுதளம் திறந்திருக்கிறார்கள். என் மகள் தேவிக்கு எட்டாம் மாசம். வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டில் இருக்கிறாள். "நீ போய்க் கூட நில்லும்மா. அவரு முழுசா திரும்பி வந்தா போதும்" என்று அனுப்பினாள்.

8 மணி, செங்கல்பட்டு. நின்றபடியே இரண்டு இட்லி. அடுத்த பஸ்ஸில் டிக்கெட் 25 ரூபாய். திருக்கழுக்குன்றத்தில் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மகாபலிபுரத்துக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் இறங்கி, 20 ரூபாய்க்கு ஷேர் ஆட்டோ.

"இன்னாம்மா, ரேஸுக்கா? நீங்க ஓட்டப்போறீங்களா?" என்றார் ஆட்டோக்காரர்.

"என் மாப்பிள்ளை ஓட்டறாரு."

"அப்ப கவலையே இல்ல. மாமியாரப் பாத்தா ஆக்ஸிலேட்டர் தானா அமுங்கும்."

ஆட்டோவே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

9.45. ஓடுதளம் முட்டை வடிவத்தில் இருந்தது. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர், பின்னால் சவுக்குத் தோப்பு, அதற்கும் பின்னால் கடல். வெயில் ஏறிய பிறகும் கடல் பக்கத்துப் பனிமூட்டம் கலையவில்லை. நடுவே புல்வெளி. அதன் மத்தியில் ஏழு கல். ஏழிலும் மஞ்சள், குங்குமம்.

கேட்டில் செக்யூரிட்டி சட்டை போட்டிருந்த அஞ்சலை என்ற பெண்ணிடம் கேட்டேன். பக்கத்து மீனவக் குப்பத்துக்காரி.

"கன்னிமாரும்மா. கல்லைப் பேக்கறதுக்கு பொக்லைன் வந்துச்சு. மூணு தபா ஆஃப் ஆயி நின்னு பூடுச்சு. அப்பால அப்டியே வுட்டுட்டானுங்க."

"தினம் மஞ்சள் பூசறது நீங்களா?"

"கேட்டு சாவி என்கிட்டதான் கீது. நான் பூசல."

10.30. சோதனை ஓட்டம் தொடங்கியது. பன்னிரண்டு கார். முதல் சுற்றிலேயே கவனித்தேன். எல்லாக் காரும் இடது பக்கமே திரும்பின. கன்னிமாரை இடக்கைப் பக்கம் வைத்துச் சுற்றின. சாமியை வலமாகத்தான் சுற்றுவோம். இடமாகச் சுற்றுவது பிணத்தை. மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் பாடையைக்கூடத் தொடுவதில்லை.

ஓட்டம் முடிந்து வந்த மருமகனிடம் சொன்னேன்.

"இன்னா அத்த, உலகம் பூரா இப்படித்தான் சுத்துறாங்கோ. இந்த வண்டி லெப்ட்ல திரும்பறதுக்குன்னே செட் பண்ணிகீது. பயந்துகினு இருக்காம நிழல்ல உக்காருங்க."

எப்படி உட்கார முடியும்?

சரியாக 12 மணிக்குக் கொடி அசைந்தது. நாற்பது சுற்று. நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சுவர் என் வலப்பக்கம் வர நடக்க ஆரம்பித்தேன். அவர் இடமாகச் சுற்றினால் நான் வலமாகச் சுற்றுகிறேன்; எனக்குத் தெரிந்த பரிகாரம் அதுதான். சுவரை ஒட்டி ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். மணல் சுட்டது. உள்ளே கார்களின் இரைச்சலில் சுவரே அதிர்ந்தது.

மூன்றில் ஒரு பங்கு நடந்திருப்பேன். தோப்புப் பக்கத்து வளைவில் வரும்போது சட்டென்று எல்லாச் சத்தமும் நின்றது. ஒரு கார்கூட ஓடவில்லை. மைக்கும் பேசவில்லை. சவுக்கு மரம் அசையவில்லை. கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அலைச் சத்தம் கேட்கவில்லை.

கருணாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். வந்த வழியே ஓடினால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் திரும்பினால் நானும் இடமாகத்தான் போகவேண்டும். அப்படியே நின்றேன்.

அப்போது சுவருக்கு உள்பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. வெறுங்கால். அவசரமில்லாத நடை. நான் நின்றபோது அது நிற்கவில்லை. நான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே முன்னால் போனது.

தாயே என்று சொல்லிக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தேன். ஓடவில்லை. சுற்றை முடிக்கும்வரை ஒரு கார் கிளம்பிய சத்தமும் இல்லை.

12.20. கேட்டுக்குள் வந்து பார்த்தேன். கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தியிருந்தார்கள்; மற்ற பதினோரு கார்களும் தார் மேல் வரிசையாக நின்றன. கருணாவின் நீலக் கார் மட்டும் புல்லில், முதல் கல்லுக்கு ஒரு முழம் தள்ளி, மற்ற கார்களுக்கு எதிர்முகமாக நின்றது. கன்னிமார் அதற்கு வலப்பக்கம். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே நின்றுகொண்டிருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சிறிது நேரத்தில் காரைத் திருப்பிக்கொண்டு போய் மிச்சச் சுற்றையும் ஓட்டினார், ஒன்பதாவதாக வந்தார். அதுவரை நான் கல்லை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

3.40. காரை ஓடுதளத்திலேயே விட்டுவிட்டு இருவரும் செங்கல்பட்டு பஸ்ஸில் வந்தோம். தேவி போன் செய்தாள். "பக்கத்துலதான் உக்காந்திருக்காரு" என்றேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது.

எங்கள் ஊர்த் தேர் நாலு வீதியும் வலமாக வரும். ஆயிரம் கை வடம் பிடிக்கும். இங்கே நாற்பது சுற்றுக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடையாது.

"எவனும் இடிக்கல அத்த," என்றார் மருமகன். "டயரும் நல்லாத்தான் கீது. வண்டி எதுக்கு தானா சுத்தி புல்லுக்குப் போச்சுன்னே தெரியல."

தோப்பு வளைவில் சுவருக்கு உள்ளே யாரோ நடந்ததைச் சொன்னேன்.

"அங்கயா? ரோடே சுவரு வரிக்கும் சாஞ்சினு கீது. மனுஷன் நிக்கக்கூட முடியாது."

பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அடுத்த ஞாயித்துக்கிழமையும் கூப்ட்டுகிறாங்க. வரேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் எனக்குத் தெரியாமல் போவார்.

"நானும் வரேன் மாப்ள."

"பாக்கவா?"

"நடக்க."

அவர் சிரிக்கவில்லை.