ஊருணிக்குள் ஜிலேபிக் கெண்டை

மேலூருக்குக் கிழக்கே, என் மனைவியின் ஊரில், குடிதண்ணீருக்கு ஊருணி ஒன்றுதான். கிணறுகள் இருந்தன; எல்லாம் உப்பு. அதனால் ஊருணிக்குள் யாரும் இறங்கக் கூடாது. படியில் குந்தி, குடத்தைச் சாய்த்து மொண்டுகொள்ள வேண்டும். வில்லாபுரத்துத் தெருக்குழாயடியில் வளர்ந்த நான், வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த முதல் வாரமே அதில் இறங்கி முகம் கழுவி, வாயும் கொப்பளித்தேன். ஊரே திரண்டு வந்து என்னைப் பார்த்தது. என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் இல்லை.

எழுபதுகளின் கடைசியில், பெருமழை பெய்த ஒரு வருஷம், பாசனக் கண்மாய் நிறைந்து கால்வாய் வழியே வந்த தண்ணீரோடு ஜிலேபிக் கெண்டையும் ஊருணிக்குள் வந்தது. கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவர் வளர்க்க விட்ட மீன். வந்த இடத்தில் அது சும்மா இருக்கவில்லை. முட்டையிடுவதற்காகத் தரையெங்கும் சாப்பாட்டுத் தட்டளவுக்குக் குழி பறித்தது. அல்லிக்கொடிகள் வேரோடு மிதந்தன. சேற்றை ஒட்டித் திரிந்த அயிரை மீன்களைக் காணவே காணோம். குடத்துக்குள் தேத்தாங்கொட்டையை உரசினால் சற்று நேரத்தில் தெளிகிற தண்ணீர், இப்போது கொட்டை தேய்ந்து, அடுத்து என் விரல் தேய்ந்த பிறகும் டீக்கடைப் பால் மாதிரியே இருந்தது.

கண்மாயில் நனைந்த வலை ஊருணியில் படக் கூடாது என்பதும் ஊர்க் கட்டுப்பாடு. மீனை ஒழிக்க மிச்சம் தூண்டில்தான். மேலூரில் நான் வைத்திருந்த சைக்கிள் கடையில் ஈ ஓட்டுவதைத் தவிர வேலை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். என்னைப் படியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அகப்பட்ட முதல் மீனுக்குக் கன்னம் உப்பியிருந்தது. கையில் பிடித்ததும் வாயைத் திறந்து, அரிசிக் குருணை போலக் குஞ்சுகளைப் படியில் கொட்டியது. ஒன்றரை வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீருக்கு வந்திருந்த என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"வாய்க்குள்ள பிள்ளைய வச்சிருக்குங்க. விட்டுருங்க, பாவம்."

கூட நின்ற பெண்களும் அதையேதான் சொன்னார்கள். அன்று முதல் தாயையெல்லாம் குஞ்சோடு திரும்ப விட்டேன். ஆண்களை மட்டும் கொன்றேன். பாதி ஊருணியை விதவையாக்கிவிட்டதாக எனக்கு நினைப்பு. மிஞ்சிய நாலைந்து ஆண்கள் செத்தவர்கள் பங்கையும் சேர்த்து வேலை பார்த்தார்கள். கோடைக்குள் மீன் பலமடங்கு பெருகி, ஆளுக்கு ஒரு விரல் நீளத்தோடு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது.

தண்ணீர் வற்ற வற்ற மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன; பிறகு வயிறு வெளுத்து மிதந்தன. காய்ச்சி வடிகட்டினாலும் நாற்றம் போகவில்லை. மகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. மேலூர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். நல்ல தண்ணீர் கொடுங்கள் என்றும் சொன்னார்கள். நல்ல தண்ணீருக்குச் சீட்டு எழுதித் தரவில்லை. வீட்டுக்கு வந்தால் மறுபடியும் அதே ஊருணி. மகளின் கண்கள் குழிந்துவிட்டன. அழுதால் கண்ணீர் வரவில்லை. எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன் நான்; அந்த வாரம் என்னிடம் ஒன்றும் இல்லை.

ஊருணியை இறைத்துவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் நான்தான் சொன்னேன். என் மச்சான் எழுந்தார். "இருக்குறதையும் இறைச்சுப்புட்டு, மழை பெய்யலைன்னா எதைக் குடிப்பீக, மாப்ள?" பெண்கள் பக்கமிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

"இப்பக் குடிக்கிறது தண்ணியாண்ணே? இறைங்க."

ஆயில் என்ஜின் வந்தது. தண்ணீர் வற்றியதும் முதலில் சேற்றில் இறங்கியவள் அவள்தான். கன்னம் உப்பிய மீன்களாகத் தேடி எடுத்து, தாடையை அழுத்திக் குஞ்சுகளை வெயிலில் காய்ந்த கரையில் உதறினாள். ஒவ்வொன்றாக. நான் கூடையைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றேன்.

அதன் பிறகுதான் எனக்குப் புத்தி வந்து, மேலூரிலிருந்து சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தேன். சைக்கிள் கடைக்காரனின் சைக்கிள் என்பதால் வழியில் இரண்டு தடவை செயின் கழன்றுவிடும். அந்தத் தண்ணீரில் மகள் மெல்லத் தேறினாள். ஆனால் எலும்பில் சதை வைக்கவில்லை.

ஒரு வழியாக மழை வந்தது. கண்மாய் நிறைந்து, கால்வாயில் தண்ணீர் புரண்டு வந்தது. கண்மாய் முழுக்க ஜிலேபிதான். அதை இறைக்க யாரால் முடியும்? கால்வாய் வந்து சேரும் ஊருணி வாயில் என் மனைவியின் சேலையை நாலாக மடித்துக் கட்டினோம். துணியில் குஞ்சுகள் வந்து அப்பின. அவள் வழித்து வழித்துக் கரையில் எறிந்தாள். அப்போது ஓரத்துக் கல் ஒன்று சரிந்தது. துணியில் படாமல் பக்கவாட்டில் தண்ணீர் பீறிட்டு உள்ளே ஓடியது.

கைக்குக் கல் அகப்படவில்லை. நான் அந்தச் சந்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். என் உடம்பில் ஏதோ ஒரு பாகம் ஊருக்கு உபயோகப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

"எம்புட்டுக் குஞ்சு உள்ள போயிருக்கும்?" என்றாள்.

தெரியாது என்றேன். இரண்டு தொடைகளையும் உரசிக்கொண்டு ஏதோ நழுவிப் போய்க்கொண்டே இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.