மேலே இருந்து சொன்னவள்

மொன்றியலில் ஃபுட்போல் என்றால் காலால் உதைக்கிற பந்து அல்ல. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, முட்டி மோதி, முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து விளையாடுவது. அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத காலத்தில்தான், பல்கலைக்கழக அணிக்கு வீடியோ வெட்டித் தர ஆள் தேவை என்ற அறிவித்தலைப் பார்த்துப் போனேன். அப்போது கணினி படித்துக்கொண்டிருந்தேன். பகுதிநேர வேலை, நிலக்கீழ் அறை, ஆனால் ஹீட்டர் நன்றாக வேலை செய்தது. பெப்ரவரியில் அது ஒன்றே போதும் என்று சேர்ந்துவிட்டேன்.

எட்டு வருடம் அங்கே இருந்தேன். படிப்பு முடிந்தும் போகவில்லை. முதல் வருடத்திலேயே எனக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. எதிரணிக்காரர்கள் எங்கே, எப்படி நிற்கிறார்கள் என்று பார்த்தாலே அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று சொல்ல முடிந்தது. யாழ்ப்பாணத்தில் புலமைப்பரிசில் பரீட்சைக்காக ரியூசன் ரியூசனாக அலைந்து, கடந்தகால வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்தவள் நான். என்ன கேள்வி வரும் என்று ஊகிப்பது பன்னிரண்டு வயதில் விமானம் ஏறியபோது என்னோடு கூடவே வந்த வியாதி. பயிற்றுநர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். போட்டி நாட்களில் என்னை அரங்கின் மேல் அறையில் உட்காரவைத்து ஹெட்செட்டை மாட்டிவிட்டார்.

நடைமுறை இதுதான். பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று தீர்மானிக்க வேண்டியவன் குவார்ட்டர்பேக். எங்கள் அணியில் அவன் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. வரிசையில் நின்றதும் தலையைத் திருப்பி மைதானத்தின் ஓரத்தைப் பார்ப்பான். அதற்குள் நான் மேலே இருந்து, அந்த ஓரத்தில் நிற்கிற உதவிப் பயிற்றுநருக்கு விடையைச் சொல்லியிருப்பேன். அவர் ஒரு பெரிய அட்டையைத் தூக்குவார். அதில் யானை, பீட்சா, கப்பல் என்று ஏதாவது படம் இருக்கும். யானை என்றால் இடப்பக்கம் ஓடுகிறவனுக்கு எறி. கப்பல் என்றால் எறியாதே, நீயே ஓடு. நர்சரிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதுபோலத்தான். பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் நாங்கள் வென்றுகொண்டே இருந்தோம்.

அந்தக் குவார்ட்டர்பேக் ஒரு தமிழ்ப் பிள்ளை. பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் இருந்த கட்டடத்தில் எங்களுக்கு மேல்வீட்டுக்காரன். என்னைவிட மூன்று வயது இளையவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவனுடைய அம்மா ஜான்-டலோன் சந்தையில் ஒரு பழக்கடையில் வேலை செய்தார். மகன் டொக்டருக்குப் படிக்கவில்லையே என்ற கவலையை, அவன் படம் பத்திரிகையில் வந்த அன்றுதான் அந்த அன்ரி கைவிட்டார். தொழில்முறை அணி ஒன்றில் விளையாட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே ஆசை. அப்படி அங்கே போன தமிழர் எவரையும் எங்களுக்குத் தெரியாது. அதனால் அது மெல்ல மெல்லக் கட்டடத்துக்கே ஆசையாகிவிட்டது.

அவன் அணிக்கு வந்த மூன்றாவது வருடம், ஒரு மத்தியானம், என் அறை வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, விடை எழுதாத வீடியோ தருவீங்களோ?”

நான் வெட்டுகிற ஒவ்வொரு துண்டின் மேல் மூலையிலும் விடை இருக்கும். பின்னால் நிற்பவன் முன்னே வருகிறான், வலப்பக்கம் எறி, என்று. அது பயிற்றுநரின் கட்டளை. பிள்ளைகள் யோசித்து நேரத்தை வீணாக்கக்கூடாது என்பது அவர் கொள்கை.

“ஏன், இப்ப இருக்கிறதுக்கு என்ன?” என்றேன்.

“பெரிய ரீமில ஆரும் அட்டை தூக்க மாட்டினம். நான் தான் பாக்க வேணும். இப்ப எனக்கு ஒண்டும் தெரியேல்லை அக்கா. நீங்கள் சொல்லுறதை எறியிறன், அவ்வளவுதான்.”

கொடுத்தேன், பயிற்றுநருக்குத் தெரியாமல். ஒரு வாரம் முழுக்க அந்த நிலக்கீழ் அறையின் மூலையில் குந்தியிருந்து பார்த்தான். இடையிடையே திரும்பி, “இவன் முன்னுக்கு வாறமாதிரி நடிச்சுப்போட்டுப் பேந்து பின்னால போவான், என்ன?” என்பான். பாதி சரி, பாதி பிழை. ஆனால் சரியாக வந்தபோது அவன் பட்ட சந்தோஷம், பிறகு இரண்டு கோப்பைகளைத் தூக்கிய நாட்களிலும் அவனிடம் நான் காணாத சந்தோஷம்.

அந்தச் சனிக்கிழமை அவன் அட்டையைப் பார்க்கவில்லை. மேலே இருந்து நான் சொல்லச் சொல்ல, கீழே யானையும் கப்பலும் ஏறி இறங்க, அவன் தன்பாட்டில் எதிரணியைப் பார்த்து எறிந்தான். இரண்டு எறிகள் அற்புதம். மூன்று எறிகள் நேரே எதிரணிக்காரன் கைக்குப் போயின. தோற்றுப்போனோம். கோப்பையைத் தீர்மானிக்கிற போட்டியும் அல்ல அது.

திங்கள் காலை பயிற்றுநர் எங்கள் இருவரையும் அழைத்தார். அவர் சத்தம் போடுகிற மனிதர் அல்ல. அவன் ஏன் அட்டையைப் பார்க்கவில்லை, அவனுக்கு என்ன வீடியோ போனது என்று அமைதியாகக் கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. நான் மேலே இருந்து ஒரு சொல் சொல்ல, கீழே பன்னிரண்டு பேர் அதன்படி ஓடுகிறார்களே, அந்தச் சுகத்தை இழக்க எனக்கு மனமில்லை. “வழக்கமாக அனுப்புகிறதைத்தான் அனுப்பினேன். அவன் பார்க்காமல் வந்திருப்பான்” என்றேன். அவன் எனக்குப் பக்கத்தில்தான் நின்றான். வாயே திறக்கவில்லை. அவனை இரண்டு போட்டிகளுக்கு வெளியே உட்காரவைத்தார்கள், அணியின் முன் மன்னிப்புக் கேட்கவைத்தார்கள். அதன்பிறகு நான் விடைகளை இன்னும் பெரிய எழுத்தில் போட்டேன். அவனும் மறுபடி கேட்கவில்லை. அடுத்த இரண்டு வருடமும் கோப்பை எங்களுக்கு.

பிறகு ஒரு தொழில்முறை அணி அவனைத் தேர்வு முகாமுக்கு அழைத்தது. கட்டடமே வாசலுக்கு வந்து வழியனுப்பியது. பதினொரு நாளில் திரும்பி வந்தான். கைப்பலத்தையும் ஓட்டத்தையும் பாராட்டினார்களாம். பிறகு ஓர் அறையில் உட்காரவைத்து, ஓர் ஆட்டத்தை ஓடவிட்டு, பந்து கைக்கு வரும் முன் படத்தை நிறுத்தி, என்ன தெரிகிறது என்று கேட்டார்களாம்.

“என்ன சொன்னனீ?” என்றேன்.

“ஒண்டும் சொல்லேல்லை. ஸ்கிரீனில மேல மூலையைப் பாத்துக்கொண்டு இருந்தன்.”

நான் விடை எழுதிப் போடுகிற அதே மூலை.

பயிற்றுநரைத் திட்டித் தீர்த்துவிடலாம்தான். ஆனால் எங்கள் அணியில் தடுப்பு வரிசையில் நின்ற இரண்டு பேர் இன்றைக்கும் தொழில்முறையில் விளையாடுகிறார்கள். காலை எப்படி ஊன்றுவது, கையை எங்கே வைப்பது என்று அவர் கற்பித்தது அவர்களுக்கு எங்கே போனாலும் உதவுகிறது. சனிக்கிழமை வெல்வதற்காகத்தான் அந்த மனிதரை வைத்திருந்தார்கள், அவர் வென்று கொடுத்தார். அந்தப் பிள்ளைக்கும் பட்டம் கிடைத்தது. எதிரணியைப் பார்த்துப் படிக்கிற அந்தக் கண் அவனுக்குப் பிறவியிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம் என்றும் யோசித்துப் பார்த்தேன். இருக்கலாம். ஆனால் மூன்று பிழை விட்டவனை இன்னும் முப்பது பிழை விடவிட்டிருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று யாருக்கும் தெரியாது. அந்த முப்பதையும் தடுத்தவர்களில் நானும் ஒருத்தி, அதுவும் அவன் வாய்விட்டுக் கேட்ட பிறகு.

போன வசந்தத்தில் அவனைத் திருப்பி அனுப்பிய அதே அணி என்னைக் கூப்பிட்டது. எதிரணிகளை ஆராய ஆள் வேண்டுமாம். ஓர் அறையில் உட்காரவைத்துப் படத்தை நிறுத்தி, என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். நான் மூச்சு விடாமல் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவன் பார்த்துப் பழகியிருக்க வேண்டிய ஐந்து வருடத்தையும் நான் பார்த்துப் பழகியிருந்தேன். கண் எனக்குத் திறந்திருந்தது. வேலை எனக்குக் கிடைத்தது.

செய்தி கேட்டு அன்ரி சந்தையிலிருந்து ஒரு பெட்டி மாம்பழத்தோடு படியேறி வந்தார். “பிள்ளை, நீ தானே அவனுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தனீ. உனக்கு நல்லது தான் வரும்” என்று என் கன்னத்தைத் தடவினார். அந்த மாம்பழத்தில் ஒன்றைக்கூட என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

அடுத்த நாளே அவனைப் பார்க்கப் போனேன். இப்போது டவுன்டவுனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. மதிய இடைவேளையில் மெட்ரோவுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கு வந்தான். மெனுவைப் பார்த்துவிட்டு, “என்ன எடுக்கிறது அக்கா?” என்று கேட்டான். எல்லாரும் கேட்கிற கேள்விதான். குற்றமுள்ள மனசுக்கு அதுவும் குத்தியது. நீயே பார்த்து எடு என்றேன், கொஞ்சம் கடுமையாக.

சாப்பாடு வந்த பிறகு கேட்டேன். “அண்டைக்குக் கோச்சுக்கு முன்னால நான் பொய் சொல்லேக்க, நீ ஏன் ஒண்டும் கதைக்கேல்லை? எனக்காகத்தானே பேசாம நிண்டனீ?”

அத்தனை வருடமும் அப்படித்தான் நம்பியிருந்தேன். என்னைக் காப்பாற்றுவதற்காக அவன் பழியை ஏற்றுக்கொண்டான் என்று. அந்தப் பெருந்தன்மைக்கு முன்னால் தலைகுனியத்தான் தயாராகிப் போயிருந்தேன்.

அவன் கரண்டியை வைத்தான்.

“இல்லை அக்கா. உங்களைக் கலைச்சுப்போட்டினம் எண்டால், மேல இருந்து எனக்கு ஆர் சொல்லுவினம் எண்டு பயந்திட்டன்.”

சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினான். கோபம் எதுவும் இல்லை அவன் குரலில். கொஞ்ச நேரத்தில் மணியைப் பார்த்து, நேரமாகுது, நான் போறன் என்று எழுந்தான். நான் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். அந்தப் பயத்தை அவனுக்குள் வைத்ததற்கு என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை. சாப்பாட்டுக்கு நான் காசு கொடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.