அண்ணை என்று கூப்பிட வேண்டாம்

றஜீவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை எழுதுவது இலகு. அவன் முன்கோபக்காரன், நன்றி சொல்லத் தெரியாதவன், தேத்தண்ணீர் குடித்த கப்பைக் கழுவி வைக்காதவன். ஆனால் பார்க்கிங் என்ற ஊரில் உள்ள றிப்பிள்சைட் றோவர்ஸ் என்ற சிறிய உதைபந்தாட்டக் கழகத்துக்கு அவன் மனேஜராக இருந்த முதல் பருவத்தை, ஓகஸ்டில் இருந்து ஏப்ரல் வரை, மைதானக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அவனைப் பற்றி ஊரில் உலாவும் கதைகளில் பாதி பொய்.

நான் அங்கே என்ன செய்தேன் என்றால், முதலுதவி. முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். சான்றிதழ் இருந்தபடியால் கழகம் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமைகளில் ஒரு பையும் ஒரு வாளித் தண்ணீரும் என் பொறுப்பு. அதோடு ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் ஓர் இடம்.

றஜீவுக்கு நாற்பத்து மூன்று வயது. ஒன்பது வயதில் சாவகச்சேரியில் இருந்து தாயோடு இந்த நாட்டுக்கு வந்தவன். பஸ் ஓட்டுகிறான். இதே கழகத்துக்குப் பதினொரு வருடம் இடதுபக்கப் பின்களத்தில் விளையாடி, முழங்கால் போன பிறகு பயிற்சியாளர் தகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். ஜூன் மாதம் பழைய மனேஜர் ஆறு ஆட்டக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வேறு கழகத்துக்குப் போனபோது, தலைவர் ஹாலிஸ் றஜீவைக் கூப்பிட்டார். அந்த வேலையை வேறு ஒருவரும் கேட்கவில்லை. ஹாலிஸ் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கழகம் இந்தப் பிரிவிலேயே இருக்க வேண்டும், கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் அவனும் இறங்க வேண்டும். றஜீவ் சரி என்றான். பல வருடம் கேட்டுக் கிடைக்காத வேலை.

முதல் ஒன்பது ஆட்டங்களில் ஏழு தோல்வி.

எங்கள் மைதானத்துக்கு வருவது எண்பது பேர். அதில் இருபது பேர் முப்பது வருடமாக ஒரே இடத்தில் நிற்கும் கிழவர்கள். அவர்கள் ஆங்கிலத்தில் கத்தியவற்றில் எழுதக்கூடியவற்றை மட்டும் தமிழில் எழுதுகிறேன். "ட்ரைவர், மணி அடிச்சாச்சு, இறங்கு!" என்பார்கள். "உன்ர பஸ்தான் பிந்தும் எண்டு பாத்தா உன்ர பின்களமும் பிந்துது!" என்பார்கள். ஒரு நாள் மாற்று ஆட்டக்காரர்கள் இருக்கும் வாங்கில் "சேவையில் இல்லை" என்று, ஓடாத பஸ்ஸில் போடுவது போல, மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். றஜீவ் அதைக் கழற்றி, மடித்து, அதன்மேலேயே இருந்தான்.

எங்கள் ஆட்களும் திறமில்லை. தமிழன் மனேஜர் ஆகிவிட்டான் என்று ஓகஸ்டில் குட்மேய்ஸில் இருந்து நாற்பது பேர் பற்றிஸ் பலகாரமும் தேத்தண்ணீர் பிளாஸ்க்குமாக வந்தார்கள். முன்னுக்கு நின்றவர் நித்தியானந்தன், அங்கே பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவருடைய மகனும் அணியில் இருந்தான், வாங்கில். மொத்தம் நாலு தமிழ்ப் பெடியன்கள். அவர்களில் ஒவ்வொரு கிழமையும் விளையாடியவன் கோல் காப்பாளன் தர்சிகன் மட்டும்தான்.

செப்டம்பரில் ஓர் ஆட்டம் முடிந்து நித்தியானந்தன் றஜீவை மறித்தார்.

"தம்பி, உம்மை அங்க வைச்சதே எங்கட பிள்ளையளுக்கும் ஒரு வழி வரட்டும் எண்டுதான்."

"என்னை ஆர் அண்ணை வைச்சது? நீங்களோ?"

"கதையை மாத்தாதையும். ஏன் என்ர பெடியனை வெளியில இருத்தி வைச்சிருக்கிறீர்?"

"உங்கட பெடியன் ஓடுறானில்லை அண்ணை. நடக்கிறான். அது வேற விளையாட்டு. பூங்காவில விளையாடலாம்."

இதை அவன் ஆட்களுக்கு நடுவில் வைத்துச் சொன்னான். ஒக்டோபரில் பற்றிஸும் இல்லை, ஆட்களும் இல்லை.

நவம்பரில்தான் பிழை நடந்தது. எதிரணிக்காரனின் முழங்கால் தர்சிகனின் தலையில் பட்டு அவன் விழுந்தான். நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். றஜீவ் என்னைத் தாண்டி ஓடினான். நான் பாதி மைதானம் போவதற்குள் அவன் பெடியனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டுவிட்டான்.

"என்ன தம்பி, சுகமோ? விளையாட ஏலுமோ?"

"ஓம் அண்ணை. ஒண்டுமில்லை."

றஜீவ் நடுவருக்குப் பெருவிரலைக் காட்டினான். ஆட்டம் தொடங்கிவிட்டது. நான் வாளியோடு திரும்பி வந்தேன். அடுத்த இருபது நிமிடத்தில் தர்சிகன் இரண்டு கோல் விட்டான், இரண்டும் சின்னப் பிள்ளை பிடிக்கக்கூடிய பந்துகள். பிறகு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சத்தியெடுத்தான். உடைமாற்றும் அறையில், இன்றைக்கு ஆரோடு விளையாடினோம் என்று என்னிடம் கேட்டான். அம்புலன்ஸ் வந்தது. மூளை அதிர்ச்சி. ஒன்பது கிழமை பந்தைத் தொடக்கூடாது.

எங்கள் இல்லத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்வோம்: விழுந்த ஆளிடம் சுகமா என்று கேட்காதே. இடுப்பு உடைந்த கிழவனும் சுகம் என்றுதான் சொல்வான். காலையில் என்ன சாப்பிட்டாய், இது எந்த அறை, இப்படிக் கேள். இதை நான் றஜீவிடம் சொன்னேன். நல்ல முறையில் சொல்லவில்லை.

"அன்ரி, நீங்கள் வந்து சேருமட்டும் நடுவர் ஆட்டத்தை நிப்பாட்டி வைச்சிருப்பாரோ?" என்றான்.

"நிப்பாட்டத்தான் வேணும். அது சட்டம்."

"அவன்தானே ஏலும் எண்டு சொன்னவன்."

அடுத்த சனிக்கிழமை தர்சிகனின் தாய் பிரியம்வதா வந்தாள். தேத்தண்ணீர்க் கடையடியில், வரிசையில் நின்ற எல்லாருக்கும் முன்னால், ஆஸ்பத்திரிக் கடிதத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நீங்கள் வாசியுங்கோ. வாசிக்கத் தெரியுந்தானே? என்ர பிள்ளை இருட்டறைக்குள்ள கிடக்கிறான். நீர் அவனுக்கு அண்ணையோ? உம்மை நம்பித்தானே விட்டனான்? உன்ர பிள்ளையெண்டா இப்பிடி விடுவியோ? சொல்லு, விடுவியோ?"

"அக்கா, நான் கேட்டனான். அவன் ஒண்டுமில்லை எண்டான்."

"நீ கேட்டா அவன் வேற என்னத்தைச் சொல்லுவான்?"

வரிசையில் நின்ற கிழவர்களுக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் ஒருவர் கை தட்டினார்.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் றஜீவ் எல்லோரையும் நிறுத்தி வைத்தான். ஆங்கிலத்தில் கொஞ்சம் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த மூன்று தமிழ்ப் பெடியன்களிடம் தமிழில் சொன்னான்.

"இண்டையில இருந்து என்னை ஒருத்தரும் அண்ணை எண்டு கூப்பிட வேண்டாம். றஜீவ் எண்டு கூப்பிடுங்கோ."

"ஏன் அண்..." என்று தொடங்கினான் நித்தியானந்தனின் மகன்.

"பாத்தியே. டேயோவுக்குக் கால் நொந்தா என்னைத் தூஷணத்தால பேசிப்போட்டு வெளியில வாறான். உங்களுக்குக் கால் முறிஞ்சாலும் ஒண்டுமில்லை அண்ணை எண்டு சிரிக்கிறியள். அண்ணைக்கு ஏலாது எண்டு சொல்ல உங்களுக்கு வாய் வராது. எனக்கு அப்பிடி ஆக்கள் வேண்டாம்."

"அப்ப நாங்களும் தூஷணத்தால பேசலாமோ?"

"பேசு. ஆனா உண்மையைப் பேசு."

டேயோ என்பவன் எங்கள் உயரமான நடுப் பின்களக்காரன், பிளம்பர் வேலை. தன் பெயர் ஏன் அடிபடுகிறது என்று விளங்காமல் முழித்தான்.

இரண்டு கிழமை அந்தப் பெடியன்கள் பட்ட பாடு. றஜீவ் என்று சொல்ல நாக்கு வரவில்லை, அண்ணை என்று சொல்லப் பயம். முன்னால் வந்து நின்று இருமுவார்கள். ஒருவன் விசில் ஊதிக் கூப்பிட்டு ஏச்சு வாங்கினான். அதற்குள் செய்தி குட்மேய்ஸுக்குப் போய்விட்டது. நித்தியானந்தன் எனக்கே போன் எடுத்தார்.

"மூத்த ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடப் பழக்குறானாம். நாளைக்கு வீட்டில என்னையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கள். அவனுக்கு விசரோ?"

"உங்கட மகனுக்கு ஏதாவது நொந்தால் உங்களிட்டைச் சொல்லுறவனோ?" என்று கேட்டேன்.

அவர் போனை வைத்துவிட்டார்.

டிசம்பர் நடுவில், மழைக்குள், அதே மகன் எழுபதாம் நிமிடத்தில் கோட்டடிக்கு வந்தான். "றஜீவ், தொடை இழுக்குது. என்னை மாத்து" என்றான். ஒருமையில் சொன்னான். றஜீவின் முகம் சுருங்கியது. எனக்கு வடிவாகத் தெரிந்தது, அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் மாற்றினான். தொடை உண்மையாகவே இழுத்திருந்தது. நேரத்தோடு வெளியே வந்தபடியால் இரண்டு கிழமையில் திரும்ப ஓடினான். அந்த மாதத்தில் இருந்து நடக்கவில்லை, ஓடினான். அதையும் சொல்ல வேண்டும்.

ஜனவரி கடைசியில் வைத்தியரின் கடிதத்தோடு தர்சிகன் வந்தான். வந்த நாளில் இருந்து அவனும் றஜீவ் என்றே கூப்பிட்டான். தாய் வரவில்லை. மார்ச்சில் நாலு ஆட்டம் தோற்கவில்லை. கிழவர்கள் கத்துவதை நிறுத்தவில்லை, புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, எங்கள் மைதானத்தில், கடைசி ஆட்டம். சமநிலையாக முடித்தால் பிரிவில் இருப்போம், றஜீவும் இருப்பான். தோற்றால் இரண்டும் இல்லை.

இருநூறு பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் அவன் விழுவதைப் பார்க்க வந்தவர்கள். இடைவேளைக்கு முன் டேயோ தலையால் அடித்து ஒரு கோல், பிறகு அவர்கள் ஒரு கோல். ஒன்றுக்கு ஒன்று. எழுபத்தோராம் நிமிடத்தில் தர்சிகன் பந்துக்குப் பாய்ந்து, எதிரணிக்காரனின் தோளில் தலை மோதி விழுந்தான்.

றஜீவ் ஓடினான். நானும் போனேன். இந்த முறை நடுவர் ஆட்டத்தை நிறுத்தி வைத்திருந்தார். நான் கிட்டப் போகும்போது கேள்வி நடந்துகொண்டிருந்தது.

"ஸ்கோர் என்ன?"

"ஒண்டுக்கு ஒண்டு."

"எங்கட கோல் ஆர் அடிச்சது?"

"டேயோ."

"எத்தினையாம் பாதி இது?"

"ரெண்டாவது. ஒண்டுமில்லை அண்ணை, நான் விளையாடுவன்."

நான் கண்ணைப் பார்த்தேன். கருமணி இரண்டும் ஒரே அளவு. கை நடுங்கவில்லை. பதில் எல்லாம் சரி. நான் வாய் திறப்பதற்குள் றஜீவ் எழும்பி வாங்கைப் பார்த்துக் கையைச் சுழற்றினான். மாற்று.

"ஆள் நல்லாத்தானே இருக்கிறான்?" என்று நடுவர் சைகையால் கேட்பது போல நின்றார். றஜீவ் என்னிடம்தான் சொன்னான்.

"அண்ணை எண்டுட்டான், அன்ரி. வந்து மூண்டு மாசமாச் சொல்லாதவன்."

வாங்கில் வேறு கோல் காப்பாளர் கிடையாது. எங்கள் பிரிவில் அநேகமான கழகங்களுக்குக் கிடையாது. டேயோவுக்குக் கையுறையைக் கொடுத்தார்கள். அவன் விரல் உள்ளே போகவில்லை. கூட்டம் சத்தம் போட்டது. தர்சிகன் றஜீவைத் தாயை இழுத்துப் பேசினான், தமிழிலும் ஆங்கிலத்திலும். நான் அவனை இடுப்பில் பிடித்து வெளியே கொண்டுவந்தேன். வழியில் இரண்டு தரம் அவனுக்குக் கால் பின்னியது.

எண்பத்தாறாம் நிமிடம், மூலை உதை. பந்து டேயோவின் கையில் இருந்து நழுவி உள்ளே போனது. அவ்வளவுதான். விசில் ஊதியதும் ஒருவர் றஜீவின்மேல் தேத்தண்ணீரை ஊற்றினார். ஆறிய தேத்தண்ணீர். அவன் துடைக்காமல் நடந்து போய் எதிரணி மனேஜருக்குக் கை கொடுத்தான்.

அந்த நேரம் தர்சிகன் கழுவுதொட்டிக்குள் சத்தியெடுத்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் இரண்டாம் முறையும் மூளை அதிர்ச்சி என்றார்கள். அவனை உள்ளேயே வைத்து விளையாட விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இளம் பெண் வைத்தியர் ஒருவர் பிரியம்வதாவுக்கு விளக்கமாகச் சொன்னார். பிரியம்வதா கேட்டுவிட்டு வெளியே வந்தாள். றஜீவ் நடைபாதையில் நின்றான்.

"இனி அவன் உன்னட்டை வரமாட்டான்" என்றாள்.

திங்கட்கிழமை நிர்வாகக் குழு கூடியது. ஹாலிஸ் நிபந்தனையை நினைவூட்டினார். ஒருவர், கோல் காப்பாளன் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னானே, இவன் எதற்காகக் கழற்றினான், பயந்தவன், என்றார். நான் எழுதியிருந்த காயப் பதிவை வாசித்தேன். அரைப் பக்கம். வாசித்து முடித்ததும் அறையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். போக வேண்டும் என்று மூன்று, இருக்கட்டும் என்று மூன்று. இருக்கட்டும் என்று நானும் கையைத் தூக்கினேன். அவனை இப்போதும் எனக்குப் பிடிக்காது. அது வேறு கணக்கு.

அவன் வெளியே கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தான். ஹாலிஸ் போய்ச் சொன்ன பிறகு என்னிடம் வந்தான்.

"நீங்களும் தூக்கினீங்களாம்."

"ஓம்."

"அன்ரி, நாப்பது செக்கன் எடுத்தனீங்கள். கோட்டில இருந்து கோல் கம்பத்துக்கு வர. நான் எண்ணினன். அடுத்த பருவத்துக்கு ஓடக்கூடிய ஆளாப் பாக்கப் போறன்."

எனக்கு எழுபது வயது. அவன் சொன்னது சரி. அதற்காகக் கோபம் வராமல் இருக்குமா?

"பார். ஆர் காசு வாங்காமச் சும்மா வருவினம் எண்டு பாப்பம். ஒருத்தரும் வராட்டி நீயே போய்ப் படி."

ஒருவரும் வரவில்லை. ஜூனில் அவனே இரண்டு ஞாயிற்றுக்கிழமை முதலுதவி வகுப்புக்குப் போனான். முதல் தேர்வில் தோற்றான். மயங்கிக் கிடந்த பொம்மையை எழும்பச் சொல்லிக் கத்தினானாம். இரண்டாம் தரம் தேறினான். சான்றிதழை எனக்குக் காட்டவில்லை.

ஜூலையில், ஒரு பிரிவு கீழே, பயிற்சி தொடங்கிய நாள் வந்து பையைக் கேட்டான். கொடுத்தேன். வாங்கில் வைத்து ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்துப் பார்த்தான்.

"கட்டுத்துணி பழசு. ஐஸ் பை ரெண்டு குறையுது" என்றான்.